சந்தேகம்: ஆங்கிலத்துல ‘மேட்’ (made) வந்தா ‘டு’ (to) வருமா, வராதா? அவசரம்

செந்தூல்வாசி | காலை 11.08
வணக்கம். கொண்டோ மேனேஜ்மெண்டுக்கு மெயில், 12 மணிக்குள்ள அனுப்பணும். ‘மேட்’ போட்டு ‘டு வெய்ட்’னு எழுதினேன், கிராமர் செக்கர் ‘டு’வை எடுக்கச் சொல்லுது. சரின்னு எடுத்துட்டேன். அடுத்த பத்தியில ‘டு’ இல்லாமலே எழுதினா இப்போ சேர்க்கச் சொல்லுது! எதுதான் சரி?

ஜெலுத்தோங்_அக்கா | 11.11
ரெண்டு வாக்கியத்தையும் முழுசா போடுங்க தம்பி. ‘மேட்’டுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்_பாஸ் | 11.13
செக்கர்ல மொழி அமெரிக்கன்ல இருக்கும். பிரிட்டிஷுக்கு மாத்துங்க. அமெரிக்கர்கள்தான் ‘டு’வை விட்டுடுவாங்க.

ஜெலுத்தோங்_அக்கா | 11.15
அது ‘ஹெல்ப்’புக்கு மட்டும் பாஸ். ‘ஹெல்ப் மீ கேரி’, ‘ஹெல்ப் மீ டு கேரி’ ரெண்டும் சரி. ‘டு’ இல்லாதது அமெரிக்காவுல கூடுதல், அவ்வளவுதான். ‘மேக்’குக்கு ரெண்டு நாட்டுலயும் ஒரே விதி. செட்டிங்கை மாத்தினாலும் செக்கர் போடற சிவப்புக் கோடு போகாது.

செராஸ்_ஆசான் | 11.16
இது முதலாம் படிவப் பாடம். இழை திறக்கும் முன் இலக்கணப் புத்தகத்தை ஒரு முறை புரட்டியிருக்கலாம். ‘மேக்’, ‘லெட்’ இரண்டின் பின்னும் ‘டு’ வராது. எந்த இடத்திலும் வராது. செக்கர் சொல்வது தவறு.

பட்டர்வொர்த்_மணி | 11.18
மலாய்ப் பழக்கமா இருக்கும். ‘சுருஹ் டியா டாத்தாங்’ (அவரை வரச் சொல்லு)ல நடுவுல ஒண்ணும் இல்ல, அப்படியே ‘ஆஸ்க் ஹிம் கம்’னு வந்துடும். ‘ஆஸ்க் ஹிம் டு கம்’னு எழுதணும். ‘டெல்’, ‘வாண்ட்’, ‘அலவ்’, ‘ரிமைண்ட்’ எல்லாத்துக்கும் இப்படித்தான்: ஆளைச் சொல்லி, பிறகு ‘டு’. ‘சஜெஸ்ட்’ மட்டும் இதுல சேராது. ‘சஜெஸ்ட் மீ டு கோ’ தப்பு, ‘சஜெஸ்டட் தட் ஐ கோ’ சரி.

செந்தூல்வாசி | 11.21
சாரி, வாக்கியம் இதோ:
1. தி கார்ட் மேட் மீ டு வெய்ட் ஃபார் டூ அவர்ஸ்.
2. ஐ வாஸ் மேட் வெய்ட் அகெய்ன் ஆன் மண்டே.
கடைசி வரி: ப்ளீஸ் லெட் மை வைஃப் அண்ட் ஐ நோ.

ஜெலுத்தோங்_அக்கா | 11.27
இப்போ தெளிவாயிடுச்சு. செக்கர் ரெண்டு இடத்துலயும் சரியாத்தான் சொல்லுது.

முதல் வாக்கியத்துல கார்டுதான் (காவலாளி) செய்யறவர்: ‘மேட் மீ வெய்ட்’. ‘டு’ கூடாது. ரெண்டாவது செயப்பாட்டு வினை. ‘வாஸ் மேட்’னு திரும்பினதும் ‘டு’ கட்டாயம்: ‘ஐ வாஸ் மேட் டு வெய்ட்’. ‘சீ’யும் அப்படியே: ‘ஐ சா ஹிம் லீவ்’, ஆனா ‘ஹி வாஸ் சீன் டு லீவ்’.

நமக்கு இது ஏன் தடுக்குதுன்னா, தமிழ்ல ‘காத்திருக்க’ மாதிரி எச்ச வடிவம் மாறறதே இல்ல. ‘காத்திருக்க வைத்தார்’, ‘காத்திருக்க வைக்கப்பட்டேன்’. ரெண்டுலயும் அதே ‘காத்திருக்க’. அந்த ‘க்க’தான் ‘டு’ன்னு மனசுல பதிஞ்சுடுது, உடனே எல்லா இடத்துலயும் ‘டு’ போடத் தோணும். மணி சொன்ன மலாய்ப் பழக்கம் ‘டு’வை விழ வைக்கும், தமிழ்ப் பழக்கம் கூடுதலா போட வைக்கும். தம்பியோட முதல் வாக்கியம் தமிழ்ல இருந்து வந்தது.

ஆசான் ஐயா, ‘எந்த இடத்திலும்’ங்கறதை மட்டும் திருத்திக்கணும், ‘மேக்’குக்குச் செயப்பாட்டுல ‘டு’ வருதே. ‘லெட்’டுக்கு இந்தப் பொருள்ல செயப்பாட்டு கிடையாது, அதுக்கு ‘வாஸ் அலவ்ட் டு’ போடுவாங்க. ‘வாஸ் லெட் கோ’ன்னா வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு அர்த்தமாயிடும்.

செராஸ்_ஆசான் | 11.31
செய்வினையை மனத்தில் வைத்துச் சொன்னேன். இருக்கட்டும். கடைசி வரியில் ‘மை வைஃப் அண்ட் ஐ’ சரியே, மரியாதையான வடிவம்.

பட்டர்வொர்த்_மணி | 11.33
ஐயா, மரியாதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ‘லெட்’டுக்குப் பின்னாடி வர்றது செயப்படுபொருள். ‘மை வைஃப் அண்ட்’டை எடுத்துட்டுப் படிங்க: ‘லெட் ஐ நோ’. யாரும் சொல்ல மாட்டாங்க. அப்போ ‘லெட் மை வைஃப் அண்ட் மீ நோ’.

செராஸ்_ஆசான் | 11.36
படித்தவர்களே ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று பேசுகிறார்கள். வழக்கில் இருப்பதைத் தவறென்று எப்படித் தள்ளுவது?

பட்டர்வொர்த்_மணி | 11.38
பேச்சுல இருக்கு, மறுக்கல. எழுத்துல போற புகார் இது. படிக்கிறவர் அந்த ஒரு வார்த்தையில நின்னுட்டா தம்பி சொல்ல வந்தது போயிடும். நீங்க ‘மை வைஃப் அண்ட் ஐ’யை எழுவாயா வைங்க, ‘மை வைஃப் அண்ட் ஐ வெய்ட்டட்’, அங்க அது நூத்துக்கு நூறு சரி.

பிரிக்பீல்ட்ஸ்_பாஸ் | 11.40
வெறும் ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ’ன்னு போட்டா முடிஞ்சது. மனைவி பேரை மேல ஒரு தடவை எழுதினா போதும்.

ஆயர்_ஈத்தாம்_தங்கச்சி | 11.44
அக்கா, இழையோட சேர்த்துக் கேட்டுடறேன். லிஃப்ட் பழுது பத்தி எழுதறப்போ ‘ஹேட் (had) தி டெக்னீஷியன் செக்’கா, ‘டு செக்’கா?

ஜெலுத்தோங்_அக்கா | 11.47
‘ஹேட் தி டெக்னீஷியன் செக் இட்’, ‘டு’ இல்லாம. ‘காட்’ (got) போட்டா ‘காட் தி டெக்னீஷியன் டு செக் இட்’. பொருள் கிட்டத்தட்ட ஒண்ணு, ‘காட்’ல கொஞ்சம் கேட்டுக் கெஞ்சி வரவழைச்ச சாயல் இருக்கும். ‘டெக்னீஷியன்’க்குப் பதிலா பிரதிப்பெயர் வந்தா ‘ஹிம்’, ‘ஹி’ இல்ல. டெக்னீஷியனைச் சொல்லாம லிஃப்டை மட்டும் சொன்னா ‘ஹேட் தி லிஃப்ட் செக்ட்’. அங்க வினை மூணாம் வடிவத்துக்குப் போயிடும்.

செந்தூல்வாசி | 11.56
மூணையும் திருத்தி அனுப்பிட்டேன். ‘லெட் அஸ் நோ’ போட்டேன். சிவப்புக் கோடு போயிடுச்சு. நன்றி அக்கா, மணி அண்ணே.

செராஸ்_ஆசான் | 12.02
‘ரெகமெண்ட்’ பற்றி யாரும் சொல்லவில்லை. அதுவும் ‘சஜெஸ்ட்’ போலத்தான். ‘ரெகமெண்ட் யூ டு’ தவறு.

பட்டர்வொர்த்_மணி | 12.05
அது அப்படி இல்ல ஐயா. ‘ரெகமெண்ட் யூ டு புக் எர்லி’ன்னு பிரிட்டிஷ் அகராதியிலயே உதாரணம் இருக்கு. புது இழை திறங்க, அங்க பேசலாம்.