ரோம் அழைப்பும் எங்க லயமும்: சர்வமதக் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

பணியலயம் எழுதியது:
இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். டவுனில் கோயில், சர்ச், பள்ளிவாசல், விகாரை நாலும் சேர்ந்த குழு அடுத்த மாதம் செயற்கை நுண்ணறிவு பற்றிக் கூடுகிறது. தோட்டம் சார்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவை அறநெறியோடு பயன்படுத்தக் கேட்டு, வத்திக்கான் முன்னெடுப்பில் 2020 பெப்ரவரி 28இல் ரோமில் கையெழுத்தான 'ரோம் அழைப்பை' வாசித்தேன். மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், ஐ.நா. உணவு விவசாய அமைப்பு எல்லாம் ஒப்பமிட்டிருக்கின்றன. 2023 ஜனவரியில் யூத, இஸ்லாமியத் தரப்பும், 2024 ஜூலையில் ஹிரோஷிமாவில் பௌத்த, இந்துத் தரப்புகளும் சேர்ந்தன. அதன் ஆறு கொள்கைகளில் ஒன்று, யாரையும் விட்டுவிடாமல் எல்லாரையும் சேர்ப்பது.

அங்கேதான் எனக்கு அம்மா ஞாபகம் வருகிறது. 38 வருசம் கொழுந்து பறித்தவர். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லச்சுமி, சேமலாப நிதித் தாளில் லெச்சுமியம்மா. மூன்று தடவையும் வேறு யாரோதான் எழுதினார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நிவாரணத்துக்குப் போனில் விண்ணப்பித்தோம். 'பொருந்தவில்லை' என்று வந்தது. போய்க் கேட்டால், "கம்ப்யூட்டர்ல விழலையே, நான் என்ன செய்ய?" என்கிறார்கள். இதை அந்தக் கூட்டத்தில் எப்படிக் கேட்பது?

பழைய கணக்கப்பிள்ளை, கொட்டகலை:
தம்பி, தராசைச் சொல்லுங்க. கொழுந்து நிறுக்கையில ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்போம். கூடக் கழிச்சா பொம்பளைங்க கூடையை வச்சுட்டு, "என்னாங்க ஐயா இது, மறுபடி நிறுங்க"ன்னு நிப்பாங்க. நானே எத்தனையோ நாள் திருப்பி நிறுத்திருக்கேன், அதுல பாதி நாள் அவங்க சொன்னதுதான் சரி. கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான், அதாவது அரைநாள் வேலைக் கணக்குதான் விழும், அன்னைக்குச் சம்பளமும் பாதி. அதுக்காகத்தான் அந்தச் சண்டை. இப்ப உங்கம்மா யார்கிட்ட மறுபடி நிறுக்கச் சொல்றது? மிஷினுக்குப் பக்கத்துல ஆள் வேணும். அதைக் கேளுங்க.

மறைக்கல்வி டீச்சர், பண்டாரவளை:
ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. 1891இல் பதின்மூன்றாம் லியோ ஆலைத் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதினார். இப்போதைய பாப்பரசர் 2025இல் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்த மடலையும், செயற்கை நுண்ணறிவு தொழிலாளருக்குக் கொண்டுவரும் சவாலையும் காரணமாகச் சொன்னார். தொழிலாளி என்றால் எங்கள் தோட்டத்து அம்மாமாரும்தான். பங்குத்தந்தையிடம் இதைச் சொல்லி அவரையும் பேச வையுங்கள்.

ரோம் அழைப்பு சட்டமில்லை, விரும்பிப் போட்ட ஒப்பம். ஆகவே அதைக் காட்டி அதிகாரியை மிரட்ட முடியாது. ஆனால் நாலு மதத்தாரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டு, திருத்தம் கேட்கத் தமிழ் தெரிந்த ஒரு ஆளை வைக்கச் சொன்னால் அதைத் தள்ளி வைப்பது கஷ்டம்.

தலவாக்கலைப் பொடியன், இப்போது கொழும்பில்:
அண்ணே, நான் மென்பொருள் வேலை. எழுத்து சற்று மாறிய பெயர்களை 'ஒரே ஆளாக இருக்கலாம்' என்று அடையாளம் காட்டும் முறை பல வருசமாகவே இருக்கு. அப்படி வந்ததைத் தள்ளாமல் ஒரு மனிதர் பார்வைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

இன்னொன்று. என் போனில் குரலில் 'பிரட்டு' (காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் கொடுக்கிறது) என்று சொன்னால் 'புரட்டு' என்று எழுதுது. எங்க பேச்சு அதுக்குள்ள இல்லை. அதைப் போனுக்குக் கற்றுக்கொடுக்க என்று கோயில் திருவிழாவில் யாராவது குரல் பதிவு செய்ய வந்தால், எதற்கு, யாருக்கு என்று கேட்காமல் விடாதீங்க.

பணியலயம்:
மூவருக்கும் நன்றி. தராசிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) விசாரித்தேன், இன்னும் ஏழு குடும்பத்துக்கு இதே பெயர்க் குழப்பம். எல்லாருடைய தாள்களையும் போட்டோகாப்பி எடுத்தாயிற்று. விகாரை ஹாமதுரு (பௌத்த பிக்கு) கடிதத்தைச் சிங்களத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் வருகிறார். மூன்று தாளையும் அவரே கையில் பிடித்துக் காட்டட்டும்.