புலுனிக் கூட்டில் ‘ஹெல்பர்’: உதவியாளரா, செவிலியா?

அண்ணை, வணக்கம்.

திருகோணமலைப் பறவைக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘ஹெல்பர்’ மட்டும் தீராமல் நிற்கிறது. தான் இடாத முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டும் பறவைக்கு ஒரு சொல் வேண்டும். அது இல்லாமல், சருகுக்குள் இரைதேடும் சாம்பல் நிறப் புலுனியைப் பற்றி ஒரு பந்திகூட எழுத ஏலாது. ஏழு, எட்டு, சிலவேளை பத்து என்று கூட்டமாகவே திரிகிற பறவை. ஒரு சோடி கூடு கட்டினால் கூட்டத்தில் மற்றவையும் பூச்சியோடு அங்கே வந்து நிற்கும்.

‘உதவியாளர்’ என்று போட்டால் அரசாங்கக் கச்சேரியில் கோப்புத் தூக்குகிறவர்தான் கண்ணுக்குள் வருகிறார். போதாததற்கு உயர்திணை விகுதி வேறு. ‘அக்கா’, ‘அண்ணன்’ என்று உறவு சொல்லவும் ஏலாது. பல கூடுகளில் முந்திய ஈட்டுக் குஞ்சுகளே ஊட்டும் என்றாலும், எல்லாக் கூட்டிலும் அப்படியென்று எழுதமுடியாது.

என் முன்மொழிவு ‘செவிலி’. அகப்பாட்டில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. சொல்லுக்குள் இரத்த உறவு இல்லை, செய்யும் வேலை மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் செவிலியர் என்றால் ஆஸ்பத்திரி. எங்களுக்கு அங்கே ‘தாதி’ இருப்பதால் இந்தச் சொல் இங்கே சும்மாதான் கிடக்கிறது.

---

தங்கச்சி, சொல் நல்லது. ஆனால் இரண்டு இடத்தில் இடறும்.

முதலாவது சுடலைக்குயில். அது புலுனிக் கூட்டில் முட்டையிடும். இரண்டின் முட்டையும் நீலம். அதன் குஞ்சு புலுனிக் குஞ்சுகளைத் தள்ளி விழுத்தாது, அவற்றோடேயே வளரும். அப்போது குயில் குஞ்சுக்கு ஊட்டும் புலுனித் தாயும் ‘செவிலி’தானே என்று வாசிப்பவர் நினைப்பார். இதற்குப் புதுச்சொல் தேடவேண்டாம். ஒட்டுண்ணிக்கு இடம்கொடுக்கும் உயிருக்கு எங்கள் உயிரியல் பாடநூல்களில் ‘விருந்து வழங்கி’ ஏற்கெனவே இருக்கிறது. குயில் விஷயத்தில் கூட்டுக்காரப் புலுனியை அப்படியே சொல்லுவோம். செவிலி என்பது கூட்டத்துக்குள்ளே நடக்கும் வளர்ப்புக்கு மட்டும்.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். புலுனியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்று. காலில் நிற வளையம் போடாமல் எது பெற்றது, எது வளர்ப்பது என்று கன்னியா வழியிலோ உப்புவெளியிலோ பைனாகுலரோடு நிற்பவர் எப்படிச் சொல்லுவார்? செவிலி என்பது கண்டது அல்ல, ஊகித்தது. களக்குறிப்பில் அதை எழுத விட்டால், ஆட்கள் எட்டுப் பறவைக் கூட்டத்தில் பெற்ற இரண்டைக் கழித்து ‘செவிலி ஆறு’ என்று எழுதிவிடுவார்கள். கூட்டத்தில் எல்லாமே ஊட்டும் என்று யார் சொன்னது?

ஆகவே களத்துக்கு வேறு சொல்: ‘ஊட்டுபறவை’. வினைத்தொகை, பெற்றதா வளர்ப்பதா என்று ஒன்றும் சொல்லாது. (‘ஊட்டி’ என்றால் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள்.) எண்ணும் முறையையும் சேர்த்து எழுதுங்கோ. கூட்டைத் தொடாமல் மறைவில் நிற்கவேண்டும். எத்தனை தரம் ஊட்டப்பட்டது என்பதை எண்ணவேண்டாம், ஒரே பறவை பத்துத் தரம் வரும். ஒரே நேரத்தில் அலகில் இரையோடு கூட்டருகே நிற்பவற்றை மட்டும் எண்ணவேண்டும். மூன்று நின்றால் குறைந்தது ஒரு செவிலி உண்டு எனலாம். இரண்டு நின்றால் ஒன்றும் சொல்லமுடியாது, ‘செவிலி இல்லை’ என்றும் எழுதக்கூடாது. பறக்கத் தொடங்கிய குஞ்சு நிலத்தில் நின்று சிறகடித்து இரக்கும்போதும் இதே கணக்குத்தான்.

---

அண்ணை, ஊட்டுபறவையை ஏற்கிறேன். வரைவில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

ஊட்டுபறவை: குஞ்சுக்கு இரை கொடுப்பதாகக் களத்தில் கண்ட எந்தப் பறவையும்.
செவிலி: ஊட்டுபறவைகளில், அந்தக் கூட்டின் பெற்றோர் அல்லாதது. ஆண், பெண் இரண்டுக்கும் பொது.
செவிலிமுறை இனப்பெருக்கம்: செவிலிகள் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் முறை. ‘கூட்டு இனப்பெருக்கம்’ வேண்டாம். கூடா, கூட்டமா என்று குழம்பும்.

அதே பந்தியில் ‘சருகைக் கிளறி இரைதேடும்’ என்று இருந்தது. கோழிதான் காலால் கிளறும். புலுனி அலகை நுழைத்துச் சருகைப் புரட்டி எறியும். ‘சருகு புரட்டல்’ என்று திருத்தினேன். மற்றவை கீழே புரட்டும்போது மேலே கொப்பில் இருந்து பார்க்கும் ஒன்றுக்குப் ‘பரண்காவல்’ போட்டிருக்கிறேன். தினைப்புனத்துப் பரண் நினைவில் வரட்டும்.

---

பரண்காவலுக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும்: பறவையின் பெயரை ‘வெண்தலைச் சிலம்பன்’ என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். அந்த வெளிறிய தலை தென்னிந்தியப் பறவைக்கு. இலங்கையில் இருக்கும் துணையினத்துக்குத் தலையும் சாம்பல்தான். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நிலாவெளியில் வெள்ளைத்தலை தேடுகிற பிள்ளை, கண்முன்னே நிற்கும் புலுனியை வேறு பறவையென்று எழுதிவைக்கும். ‘புலுனி’யைத் தலைப்பாக்கி, மற்றதை அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கோ.