பழைய கம்பளிக் கோட்டில் பாச்சை உருண்டை வாசம், வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையிலிருந்து படிக்க வந்து கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறேன். இது எனக்கு முதல் குளிர்காலம். புதுக் கோட் விலையைப் பார்த்துப் பயந்து, பக்கத்துப் பழைய துணிக் கடையில் 25 டாலருக்கு ஒன்று வாங்கினேன். 80 சதவீதம் கம்பளி, மீதி நைலான். ஜிப், பை, அக்குள் தையல் எல்லாம் பார்த்தேன். மோந்து மட்டும் பார்க்கவில்லை! வீட்டுக்கு வந்தால் அறை முழுக்கப் பாட்டி வீட்டுப் பீரோ வாசம்.

பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் தானாக ஆவியாகிவிடும் என்பதால் இரண்டு நாளாகப் பால்கனியில் தொங்கவிட்டிருக்கிறேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். லேபிளில் ட்ரை க்ளீன் மட்டும் என்று இருக்கிறது. அதற்குக் கோட் விலையையே கேட்கிறார்கள். வெந்நீரில் போட்டு அலசினால் கம்பளி சுருங்கிவிடும் என்பது தெரியும். குளிர்ந்த நீரில் கையால் அலசியவர்கள் உண்டா? கோட்டின் உள்துணி (லைனிங்) சுருங்கியதா?

அப்புறம் இன்னொரு பயம், மூட்டைப்பூச்சி. ட்ரையர் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் செத்துவிடும் என்கிறார்கள். கம்பளி தாங்குமா?

கென்னடி ரோடு, மார்க்கம் ரோடு பக்கம் நல்ல பழைய துணிக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். பூட்ஸ் இன்னும் வாங்கவில்லை.