க்யூ6600-ஆ, இ8400-ஆ? எதை மாட்டலாம்?

நண்பர்களே, ஒரு சின்னக் குழப்பம். என் பழைய 775 சாக்கெட் மதர்போர்டுக்குக் கைவசம் இரண்டு ப்ராசசர்கள் இருக்கின்றன. 2007இல் வந்த இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600: நான்கு கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டு வந்த கோர் 2 டுவோ இ8400: இரண்டே கோர், ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ், 65 வாட்தான். குவாட் இதைவிட நன்றாகவே சூடாகும்.

இப்போது ஓடுவது இ8400. பழைய கேம்கள் சும்மா பறக்கின்றன. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால்தான் வம்பு. இரண்டு கோரும் 100 சதவீதத்தைத் தொட்டுவிட, மவுஸ் அம்புகூடத் திக்கித் திக்கி நகர்கிறது. குவாடுக்கு மாறினால் சரியாகும் என்று தோன்றுகிறது. ஆனால் எஸ்எஸ்இ4.1 (சில மென்பொருள்கள் கேட்கும் ப்ராசசர் கட்டளைத் தொகுப்பு) அதில் கிடையாதே, இ8400இல் உண்டு. அப்புறம், ரேம் 4 ஜிபி.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: தினசரி வேலையில் வித்தியாசம் தெரியுமா? இ8400-உடன் வந்த கூலரே குவாடுக்குத் தாங்குமா?