வயல் எலி தூங்கும் வரை

சின்ன விலங்குகளின் வளர்சிதை மாற்ற வேகத்தை, அதாவது உடம்பு ஆற்றலை எரிக்கும் வேகத்தை, அளந்தவர்கள் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

முதுகலையில் எனக்குக் கிடைத்தது வயல் சுண்டெலி. நெல் வரப்பில் வளை தோண்டி வாழுமே, அதுதான். எடை 10 கிராம் வந்தாலே பெரிது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதை விட்டு, பம்பு வைத்து நிமிடத்துக்கு 200 மில்லி காற்றை இழுப்போம். வெளியே வரும் காற்றின் ஈரத்தைச் சிலிக்கா ஜெல்லும், கார்பன் டை ஆக்சைடைச் சோடா சுண்ணாம்பும் பிடித்துக்கொள்ளும். மிச்சக் காற்று ஆக்சிஜன் அளக்கும் கருவிக்குப் போகும். உள்ளே போகும்போது 20.95 சதவீதமாக இருந்த ஆக்சிஜன், வரும்போது 20.7 இருக்கும். அந்தக் கால் சதவீதத்தில்தான் எலியின் மொத்தக் கணக்கும் இருக்கிறது. ரப்பர் அடைப்பானில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் போச்சு. எனக்கு அப்படி இரண்டு வார அளவீடுகள் வீணாயின. அதற்கப்புறம் ஒவ்வொரு இணைப்பிலும் வாசலின் தடவாமல் பம்பைப் போட்டதே இல்லை.

ஆனால் நிஜமான பாடம் வேறு. ஓய்வில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற அளவு வேண்டுமென்றால் எலி சில மணி நேரம் சாப்பிட்டிருக்கக் கூடாது. அது இரவில் திரிகிற பிராணி, அதனால் பகலில்தான் அளக்க வேண்டும். இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். முதல் ஒரு மணி நேரம் மூலைக்கு மூலை மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடியது. பிறகு மூக்கை வயிற்றுக்கடியில் செருகி, காதை மடக்கி, நெல்லிக்காய் போல உருண்டு தூங்கியது. அப்படியும் அளவு இறங்கவில்லை. காரணம் எங்கள் அறையின் ஏசி! 24 டிகிரி நமக்குச் சுகம், 10 கிராம் உடம்புக்கு அது குளிர். தூக்கத்திலும் சூடு காக்க எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டியை 31 டிகிரிக்குக் கொண்டுபோனதும், உருண்டை அவிழ்ந்து, காலை நீட்டிப் படுத்தது. அளவு ஏறக்குறைய பாதியாக இறங்கியது. திரையில் அந்தக் கோடு சரிவதைப் பார்த்தபோது அத்தனை நாள் குளிரில் வைத்திருந்தேனே என்றுதான் முதலில் தோன்றியது.

*

அக்கா, நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். எங்களிடம் பம்பும் இல்லை, கருவியும் இல்லை. ஒரு சோதனைக் குழாய், அடியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நனைத்த பஞ்சு, அதன்மேல் கரப்பான் மிதிக்காதபடி கம்பி வலை. குழாயின் வாயில் நுண்குழாய், அதில் ஒரு சிவப்பு மைத் துளி. கரப்பான் ஆக்சிஜனை எடுக்க, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைப் பஞ்சு உறிஞ்ச, உள்ளே காற்று குறையும், துளி உள்நோக்கி நகரும்.

முதல் நாள் துளி வெளியே போனது. பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். குழாயை நான் கையில் பிடித்திருந்தேன். என் கைச்சூட்டில் உள்ளே இருந்த காற்று விரிந்திருக்கிறது. மறுநாள் தண்ணீர் வாளியில் இரண்டு குழாய்களை நிறுத்தினோம். ஒன்றில் கரப்பான், இன்னொன்றில் அதே பருமனுக்குக் கண்ணாடி மணிகள். மணிக் குழாயின் துளி எவ்வளவு அசைகிறதோ அதைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும். துளி ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் "சார், அது மூச்சு விடுது" என்றான். பிரெஞ்சு விஞ்ஞானிகள் லவோசியரும் லாப்லாசும் 1780களில் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் சீமைப் பெருச்சாளியை (கினிப் பன்றியை) வைத்து, உருகிய நீரைக் கொண்டு அதன் உடல் வெப்பத்தை அளந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னேன். முழு வகுப்பும் காது கொடுத்துக் கேட்டது.

*

எனக்கு எறும்பு. மழைக்குப் பிறகு இறக்கை உதிர்த்துத் திரிந்த ஒரு கட்டெறும்பு ராணியைக் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவியில் வைத்தேன். திரையில் பூச்சியத்தை ஒட்டியே கோடு ஓடியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். செத்துவிட்டதென்று பதறிப்போய் மூடியில் கை வைத்தேன். அந்த நொடியில் கோடு மலை போல எழும்பி, மறுபடி படுத்தது. ஓய்வில் இருக்கும் எறும்பு மூச்சுத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு, சேர்ந்த வாயுவை மொத்தமாக வெளியே விடும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, அது கண்ணெதிரே நடப்பது வேறு. இன்னும் ஆறு மலைகள் வரும்வரை மூடியைத் தொடவில்லை. சாயங்காலம் அவளைப் பிடித்த வேப்பமரத்தடியிலேயே கொண்டுபோய் விட்டேன். ஈரமண்ணில் கொஞ்ச தூரம் நடந்து, வேருக்கடியில் ஒரு பிளவு கண்டுபிடித்து நுழைந்துவிட்டாள்.