ஹைலைன்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வட அமெரிக்காவின் ராக்கி மலைக்காடுகளில் குதிரையோடு முகாமிடுவோருக்கான கையேடு ஒன்று தமிழாகிறது. அதில் 'ஹைலைன்' அடிக்கடி வருகிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே இழுத்துக் கட்டிய கயிறு அது. இரவெல்லாம் குதிரைகளை அதில்தான் கட்டி நிறுத்துவார்கள். வரைவில் 'உயர்கோடு' என்று இருக்கிறது. கோடு கிழிப்பது, கயிறுதானே கட்டுவது? 'முளைக்கயிறு' போதுமா?

---

> 'முளைக்கயிறு' போதுமா?

போதாது ஐயா, ஆபத்தும்கூட. முளை என்றாலே தரையில் அடித்தது. படிப்பவர் கயிற்றைத் தாழக் கட்டிவிடுவார். தாழக் கட்டிய கயிற்றில் குதிரை முன்காலைத் தூக்கிப் போட்டால் மிரண்டு இழுக்கும். குளம்புக்கு மேலே தோல் உரிந்து எலும்பு தெரியும் அளவுக்குக் கயிறு அறுக்கும்.

முளைக்கயிறு தனி முறை, அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்வோம். இரும்பு முளை ஒன்று, சுமார் 30 அடிக் கயிறு, ஒரு முன்காலில் மெத்தை வைத்த பட்டை. முளையின் தலை சுழல வேண்டும், இல்லாவிட்டால் கயிறு முறுக்கிக்கொண்டே குறுகும். வட்டத்துக்குள் அடிமரக்கட்டையோ புதரோ இருந்தால் சுற்றிக்கொள்ளும். வீட்டில் பழக்காத குதிரையை இதில் விடவே கூடாது.

'ஹாபிள்ஸ்' என்பதற்குப் புதுச்சொல் தேவையில்லை. கழுதைக்குப் போடும் தளைதான் அது. தளை போட்ட குதிரை ஓடாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டு முன்காலையும் சேர்த்துத் தாவப் பழகிய குதிரை விடிவதற்குள் மைல் கணக்கில் போய்விடும். ஆள் பார்த்திருக்க மேயவிடுவதற்குத்தான் தளை.

---

நீண்ட கயிறு ஒன்றில் பல மாடுகளை வரிசையாகக் கட்டினால் அந்தக் கயிற்றுக்குத் தமிழில் பெயர் உண்டு: தாவணி. மதுரை மாட்டுத்தாவணியில் இருப்பது இந்தச் சொல்தான். ஹைலைனும் அதே அமைப்பு, தலைக்கு மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். 'மேல்தாவணி' என்று முன்மொழிகிறேன்.

---

தாவணி என்றால் இன்று பாவாடை தாவணிதான் நினைவுக்கு வரும் என்பது என் தயக்கம். 'மேல்கயிறு' எளிது.

---

எளிதுதான் அம்மா, ஆனால் கூடாரத்தில் துணி உலர்த்தும் கொடியும் மேல்கயிறுதான். 'குதிரைகளை மேல்தாவணியில் கட்டு' என்றால் யாரும் துணியை நினைக்க மாட்டார்கள். பல விலங்கு, ஒரே கயிறு, வரிசை, உயரம் நான்கும் சொல்லிலேயே இருக்கின்றன. உயரத்தை விட்டுவிடும் எந்தச் சொல்லையும் நான் ஏற்க மாட்டேன், காயம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சொல்லுக்கான விளக்கப் பதிவில் இந்த அளவுகளும் வரட்டும். கயிறு தரையிலிருந்து 7 அடி உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குதிரை இழுக்கும்போது தொய்யும் என்பதால் நீளும் நைலான் வேண்டாம், பாலியெஸ்டர் நல்லது. மரத்தில் நேரே கட்டினால் கயிறு பட்டையை அறுத்து, உள்ளே சாறோடும் அடுக்கை நசுக்கும். 2 அங்குல அகலமாவது உள்ள நாடாவை மரத்தில் சுற்றி, அதில் கயிற்றை மாட்ட வேண்டும். முதல் குதிரை மரத்திலிருந்து 6 அடியாவது தள்ளி நிற்கட்டும், பக்கத்தில் நின்றால் குளம்பால் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும். குதிரைக்குக் குதிரை 10 அடி. உதைக்கும் குதிரை கடைசியில். குதிரையின் தலையிலிருந்து வரும் பிடிகயிற்றை மேல்தாவணியில் கட்டும் இடங்களில் நகராத கண்ணியும் சுழல்வளையமும் வேண்டும். கண்ணி நகர்ந்தால் இரண்டு குதிரைகள் ஒன்றின் மேல் ஒன்று சிக்கும். பிடிகயிற்றின் நீளம், குனிந்தால் மூக்கு தரையைத் தொடும் அளவு மட்டும். நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிக் கட்ட வேண்டும்.

---

'மேல்தாவணி'க்கு என் ஒப்புதல். பாட்டரியில் ஓடும் நாடா வேலியை 'மின்நாடா வேலி' என்று வைத்திருக்கிறேன். காய்ந்த மண்ணில் நிலத்தொடர்பு சரியாகக் கிடைக்காமல் அதிர்ச்சி குறையும், எல்க் மான் கூட்டம் இரவில் அறுத்துக்கொண்டு போகும். ஆகவே அந்தப் பதிவில் 'பகல் மேய்ச்சலுக்கு. இரவில் மேல்தாவணி காண்க' என்று சேர்க்கிறேன்.