டிரோம்சோ – லாங்இயர்பியென்: தூரம் எவ்வளவு, பறக்க எத்தனை நேரம்?

பாலக்கோடு வாசகர்:
நார்வேயின் டிரோம்சோ விமான நிலையம் 69.68 வடக்கு, 18.92 கிழக்கு. வடக்கே நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்இயர்பியென் 78.25 வடக்கு, 15.47 கிழக்கு. கையால் கணக்குப் போட்டால் 1,025 கி.மீ. வருது. ஆனா 957 தான் சரின்னு சொல்றாங்க. எங்கே தப்பு? எவ்வளவு நேரம் ஆகும்?

ஓசூர்க்காரர்:
தீர்க்கரேகைக்கும் டிகிரிக்கு 111 கி.மீ. போட்டிருக்கீங்க, அங்கதான் தப்பு. தருமபுரி 12 டிகிரியில இருக்கு. இங்க ஒரு தீர்க்கரேகை டிகிரி ஏறக்குறைய 109 கி.மீ., அதனால வித்தியாசமே தெரியாது. வடக்கே போகப்போக கோடுகள் நெருங்கிடும். 111-ஐ சராசரி அட்சரேகையின் கொசைனால பெருக்கணும். 74 டிகிரிக்கு அது 0.2756, அதாவது 30.6 கி.மீ. தான்.

வடக்கு-தெற்கு: 8.57 × 111 = 951
கிழக்கு-மேற்கு: 3.45 × 30.6 = 106
இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுங்க: 957.

காவேரிப்பட்டினம்:
நேரத்துக்கு 957-ஐ விமானத்தோட வேகமான மணிக்கு 800 கி.மீ.-ஆல வகுத்தா 72 நிமிஷம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, ஏறுவது, இறங்குவதுக்கு 25 நிமிஷம் சேருங்க. சுமார் 1 மணி 40 நிமிஷம்.

மூடுபனியில இறங்க முடியலைன்னா விமானம் டிரோம்சோவுக்கே திரும்பலாம். அதனால அதே நாள்ல அடுத்த விமானம் பதிவு செய்யாதீங்க.

ஓசூர்க்காரர்:
முக்கியமா ஒண்ணு: ஸ்வால்பார்டு ஷெங்கன் எல்லைக்கு (ஒரே விசாவுல போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட பகுதி, நார்வேயும் அதுல இருக்கு) வெளியே. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இருமுறை நுழையும் ஷெங்கன் விசா வேணும். ஒருமுறை விசாவோட போனா திரும்பி டிரோம்சோவுக்குள்ள வர முடியாது.